நீல மூடிக் காபி

அந்தப் பல் பட்டறையில் காபி கேட்பதற்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. ஸ்டிராங், லைட் என்றெல்லாம் அங்கே யாரும் சொல்வதில்லை. "அக்கா, எனக்கு ஏ-ரெண்டு" என்பார்கள். "நேத்து தூக்கமே இல்ல, இன்னிக்கு ஏ-நாலா கொடுங்க" என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முழிப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் எண் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

சுற்றுவட்டாரத்துப் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு பல் செட்டும், பல்லின்மேல் மாட்டும் பீங்கான் கேப்பும் செய்கிற இடம் அது. முதலாளி அம்மாவின் கீழ் மொத்தம் பதினொரு பேர். எந்த வாய்க்கு எந்த நிறத்தில் பல் வேண்டும் என்று ஒத்துப் பார்க்க, பதினாறு பீங்கான் பற்களை வரிசையாகச் செருகிய பட்டை ஒன்று ஒவ்வொரு மேசையிலும் கிடக்கும். பல்லுக்குப் பல் ஓர் எழுத்து, ஓர் எண்; அந்த நிறத்துக்கு ஷேடு என்று பேர். ஏ-ஒன்று வெளுப்பு; ஏ-நான்கு பழுப்பு. நாள் முழுக்க வாயில் புழங்கிய அந்த எண்கள் எப்போது காபிக்குள் இறங்கின என்று யாருக்கும் நினைவில்லை. எவ்வளவு கறைபிடித்த பல்லும் காபி அளவுக்குக் கறுப்பதில்லை என்பது வேறு விஷயம். பால் கூடினால் எண் இறங்கும், டிக்காஷன் கூடினால் எண் ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் பதினெட்டு வருஷமாகப் பிசகாமல் காப்பாற்றி வந்தவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வேலைக்கூடத்துக்கும் அவளுடைய சின்ன அடுக்களைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் பலகையில் பதினொரு கோப்பைகள். எந்தக் கோப்பை யாருடையது, அதற்கு எத்தனை கரண்டிப் பால் என்பது அவள் கைக்கே தெரியும். கண்ணால் நிறம் பார்த்து ஊற்றுவதை அவள் விட்டுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

தினமும் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பாள். "என் கையால வாங்கிக் குடிக்கிறவங்க யாருக்கும் ஒரு கெடுதலும் வரக்கூடாது, ஆண்டவனே." சின்னப் பிரார்த்தனைதான். ஆனால் மனசாரச் சொல்வாள்.

அந்தப் பட்டறையில் அதிகம் காபி குடிப்பவர் ஷேடு அண்ணன். பீங்கான் பொடியை நீரில் குழைத்து, தலைமுடி போன்ற தூரிகையால் அடுக்கடுக்காகத் தீட்டி, உலையில் வைத்துச் சுட்டு, பல்லுக்கு உயிர் கொடுக்கிறவர் அவர்தான். "அண்ணன் செஞ்ச பல்லை, பக்கத்துப் பல்லாலயே கண்டுபிடிக்க முடியாது" என்பான் அச்சு வார்க்கும் பிளாஸ்டர். அவன் பேரே அதுதான். முழங்கை வரை எப்போதும் வெள்ளையாகத் திரிவான். வீட்டில் இரண்டு, இங்கே ஐந்து என்று அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஏழு கோப்பை. எல்லாமே ஏ-மூணரை. அக்காவைவிட நாலு வயது இளையவர் என்பதால் அவள் மட்டும் அவரைத் தம்பி என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, உலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் பிரஷர் ஏறியிருக்கிறது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, தினம் ஒரு மாத்திரை போட வேண்டும், காபியைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

"குறைக்கிறதா!" என்று மறுநாள் ஜன்னலில் வந்து நின்றார் ஷேடு அண்ணன். "நான் சொல்லிட்டேன் அக்கா. காபி இல்லன்னா எனக்குக் கண்ணு திறக்காது. கண்ணு திறக்கலன்னா கலர் தெரியாது. அப்புறம் உங்க பேஷன்ட் எல்லாம் பச்சைப் பல்லோட சிரிப்பாங்க, பரவாயில்லையா டாக்டர்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சிரிக்கல."

மெழுகில் பல் வடிவம் செதுக்குகிற பெண் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளை எல்லோரும் மெழுகு என்றே கூப்பிடுவார்கள். வாய் மட்டும் உருகாத வாய். "அண்ணே, உங்க கை நடுங்குறது இங்கேருந்தே தெரியுது. நேத்து ஒரு கேப்பை மூணு தடவை திரும்பச் சுட்டீங்க. பச்சைப் பல்லுக்கு இன்னும் ரொம்ப நாள் இல்ல."

அண்ணன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கோப்பையை இடது கையால் எடுத்துக்கொண்டு போனார். அக்காவுக்கு அது என்னவோ போல் இருந்தது.

அந்த வாரமே அவருடைய மனைவி வந்தாள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மெதுவாகப் பேசிப் பழகியவள். அண்ணன் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் நுழைந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். நீல மூடி போட்ட டப்பா.

"அக்கா, இது டீகாஃப். காபியேதான். அதுல படபடப்பு கொடுக்கிற சரக்கை மட்டும் எடுத்துட்டாங்க. வீட்ல ரெண்டு கப்பை நான் மாத்திட்டேன், அவருக்குத் தெரியாது. ஆனா இங்க அஞ்சு கப் குடிக்கிறாரே, அதை நான் என்ன பண்றது?"

"அவர்கிட்டயே சொல்லிக் கொடுத்தா என்னம்மா?"

"சொன்னேன். 'பவர் இல்லாத கண்ணாடி எனக்கெதுக்கு'ன்னுட்டார்." அவள் கண்ணில் நீர் தளும்பிற்று. "ராத்திரி பக்கத்துல படுத்தா அவர் நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கேக்குது அக்கா. நீங்க கொடுத்தா அவர் கேள்வி கேக்காம குடிப்பார்."

கேள்வி கேட்காமல் குடிப்பார் என்பதுதான் அக்காவைக் குத்தியது. பதினெட்டு வருஷத்தில் அவள் ஒருவர் கோப்பையிலும் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை ஊற்றியதில்லை. ஆனால் எதிரே ஒரு பெண் கலங்கி நிற்கும்போது மறுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. டப்பாவை வாங்கி மேல் அலமாரியில் சர்க்கரைக்குப் பின்னால் வைத்தாள். நல்ல மனசு உள்ளவர்கள் தவறு செய்வது பெரும்பாலும் இப்படித்தான்; கெட்டது செய்கிறோம் என்று நினைத்து அல்ல, இல்லை என்று சொல்லத் தெரியாமல்.

மறுநாளிலிருந்து அண்ணனுக்கு மட்டும் தனி வடிகட்டி. அதே அளவு பொடி, அதே கரண்டிக் கணக்கில் பால். அவர் வாங்கினார், கோப்பைக்குள் ஒரு நொடி பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் கரண்டியைக் கழுவத் திரும்பிக்கொண்டாள். "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் அவருக்குத் தலைவலி. சாதாரணத் தலைவலி இல்லை. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தார். மூன்றாம் நாளும் அப்படியே. அக்கா டப்பாவில் இருந்த சின்ன எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். விஷம் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் நூலகத்துக்குப் போன் போட்டாள்.

"அது அப்படித்தான் அக்கா, படிச்சுப் பார்த்தேன்" என்றாள் அவள் கிசுகிசுப்பாக. "காபியைச் சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள் தலை வலிக்குமாம். உடம்பு பழைய பாக்கியைக் கேக்குதாம். தானா போயிடும்."

போய்விட்டது. நாலாம் நாள் துணியை அவிழ்த்தார். இரண்டாம் வாரம், விடிகிற வரை ஒரே தூக்கமாகத் தூங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் மெழுகு அவர் மேசைக்குப் போய் நின்று வேடிக்கை பார்த்தாள். தூரிகை நுனி அசையாமல் நின்றது.

"என்ன அண்ணே, கைக்கு ஆணி அடிச்சுட்டீங்களா?"

"போடி. அக்கா காபி."

"நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே."

"உனக்கு வாய் ஓயணும்னா அதுக்கு வேற மருந்துதான்."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. கூடவே ஒரு முள்ளும் குத்தியது. காலைப் பிரார்த்தனையில் 'ஒரு கெடுதலும் வரக்கூடாது' என்று சொல்லும்போது குரல் முன்பு மாதிரி நேராக வரவில்லை.

அந்த நாட்களில் இன்னொரு விஷயமும் நடந்தது. ஷேடு அண்ணன் அவளிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார். ஒரு நாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, அடுக்களையில் இருந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு, பளிச்சென்று ஒரு வெள்ளை விளக்கை மாட்டிக் கொடுத்தார்.

"எதுக்குத் தம்பி? அதான் எரியுதே."

"இருக்கட்டும் அக்கா. வெளிச்சம் பத்தல." ஏணியில் இருந்தபடியே கேட்டார்: "கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது ஆச்சு அஞ்சாறு வருஷம்."

"ம்" என்றார். ஏணியை விட்டு இறங்கினார்.

இன்னொரு நாள் பிளாஸ்டர் அவருடைய கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது மூணரையா? வெளுத்துப் போன சட்டை மாதிரி இருக்கு" என்றான். அண்ணன் அவனை முறைத்த முறைப்பில் அவன் கையிலிருந்த மாவு கெட்டியாகியிருக்கும். "வெளிச்சம் அப்படித் தெரியுது. உன் வேலையைப் பாருடா. அக்கா காபி தேவாமிர்தம்."

தேவாமிர்தம் என்ற சொல்லைக் கேட்ட அன்று அக்கா வீட்டுக்குப் போய், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் செய்தித்தாளை மடக்கினார். "நீ வண்டியைச் சரியான இடத்துக்குத்தான் ஓட்டிக்கிட்டுப் போற. ஆனா ஏறினவன்கிட்ட வேற ஊர் பேரைச் சொல்லி ஏத்தியிருக்க" என்றார். அப்புறம் மறுபடி தாளை விரித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு பேசியதே அதிகம்.

ஆறாம் வாரம் அது நடந்தது.

காலை பத்தரை. எல்லோரும் ஜன்னலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஷேடு அண்ணன் கோப்பையை ஜெயித்த கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நேத்து மருந்துக் கடையில பிரஷர் பார்த்தேன். அப்படியே இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி! தினம் ஏழு கப் காபி, ஒரு கப் குறைக்கல. தெரியுதா? அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. காபிக்கும் என் நெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவர் சொன்னது தப்புன்னா அவர் கொடுத்த மாத்திரையும் தப்புதானே? நேத்துலேருந்து நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?" அக்காவின் கையில் இருந்த கரண்டி பால் பாத்திரத்துக்குள் விழுந்தது.

"ஆமாக்கா. இனி உங்க காபிதான் எனக்கு மாத்திரை."

பிளாஸ்டர் கை தட்டினான். மெழுகு மட்டும், "டாக்டரைக் கேக்காம நிறுத்தலாமா அண்ணே?" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்கு விளங்கியது. அவர் ஏழு கோப்பைக் காபி குடிக்கவில்லை. குடித்ததாக நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் கையில் தினம் தினம் சூடாகக் கொடுத்தவள் அவள். அதை வைத்துக்கொண்டுதான் அவர் மாத்திரையைத் தூக்கி எறிந்திருக்கிறார். நாளைக்கே மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், அது யார் கொடுத்த கோப்பை?

நூலகத்துக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அவர் மனைவி அழுதேவிட்டாள். "எனக்கும் நேத்துதான் தெரியும் அக்கா. எவ்வளவு கெஞ்சியும் கேக்கல. நீங்க சொல்லிடாதீங்க, உண்மை தெரிஞ்சா வீம்புக்குப் பத்து கப் குடிப்பார். நான் ஒண்ணு யோசிச்சேன். அந்த மாத்திரையைப் பொடி பண்ணிக் கொண்டு வந்து தரேன். காலைக் காபில கலந்துடுங்க. அவருக்குத் தெரியவே தெரியாது."

அக்கா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். அடுக்களையின் வெள்ளை வெளிச்சத்தில் நீல மூடி பளபளத்தது.

"அம்மா" என்றாள் கடைசியில். "முதல் தடவை நீ கேட்டப்போ நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. இப்போ சொல்றேன். இது மட்டும் என்னால முடியாது. நாளைக்குக் காலையில அவர்கிட்ட சொல்லிடப் போறேன். உன்னைக் காட்டிக் கொடுக்கணும்னு இல்ல. அவர் உசுரு அது, அவருக்குத் தெரியணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "கோவிச்சுக்குவார் அக்கா."

"கோவிச்சுக்கட்டும். கோவம் உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் வரும்."

மறுநாள் காலை எட்டு மணி. பட்டறையைத் திறப்பது அக்கா. இரண்டாவதாக வந்து உலையைச் சூடேற்றுவது ஷேடு அண்ணன். அந்த அரை மணி நேரம் இரண்டு பேரும்தான். அவர் வழக்கம்போல ஜன்னலுக்கு வந்தார். "ஏ-மூணரை அக்கா."

அக்கா கோப்பையை வைக்கவில்லை. நீல மூடி டப்பாவை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"தம்பி, ஆறு வாரமா நீங்க குடிக்கிறது இது. டீகாஃப். உங்ககிட்ட சொல்லாம கொடுத்தேன். வீட்லயும் இதுதான். அதனாலதான் கை நின்னுச்சு, தூக்கம் வந்துச்சு. பிரஷர் இறங்கினது அந்த மாத்திரையால. டாக்டர் சொன்னது ஒண்ணும் தப்பில்ல தம்பி. நான் செஞ்சதுதான் தப்பு. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

அவர் டப்பாவைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"என் பொண்டாட்டியும் கூட்டா?"

"பயத்துல கேட்டா. ஒத்துக்கிட்டது நான்."

"சரி" என்றார். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார். "பதினெட்டு வருஷமா உங்க கையில வாங்கிக் குடிக்கிறேன். ஒரு நாள்கூட இதுல என்ன இருக்குன்னு கேட்டதில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பால் பாட்டில் குழந்தையாக்கிட்டீங்க."

போய்விட்டார். அன்று முழுக்க அவர் கோப்பை கவிழ்த்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கூடத்துக் குழாயில் பிடித்துக் குடித்தார். என்ன சண்டை என்று தெரியாமல் பட்டறையே கிசுகிசுத்தது. பிளாஸ்டர் வந்து, "அக்கா, கலர் சரியில்லன்னு நான் சொன்னதாலயா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டான். அவனுக்கு ஒரு ஏ-ரெண்டைக் கொடுத்து அனுப்பினாள்.

அதற்கு அடுத்த நாள் எட்டு மணிக்கு அவர் வரவில்லை. எட்டரை, ஒன்பது. மெழுகு உலையைப் போட்டாள். அக்கா பாலைப் பொங்கவிட்டாள், துடைத்தாள், மறுபடி பொங்கவிட்டாள். பிரார்த்தனை சொல்லப் போனால், சொல் வரவில்லை. "அவரைப் பார்த்துக்கோ, அது போதும்" என்று மட்டும் சொன்னாள். கடவுளிடம் பேசுகிறவர்களுக்குச் சில நாட்களில் ஒரு வரிதான் கிடைக்கும். அந்த ஒரு வரி பெரும்பாலும் சரியான வரியாக இருக்கும்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. ஷேடு அண்ணன் நேரே ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்தார்.

"தண்ணி கொடுங்க அக்கா."

கொடுத்தாள். மாத்திரையைப் போட்டு விழுங்கிவிட்டு, டம்ளரை வைத்தார்.

"டாக்டர்கிட்ட போயிட்டு வரேன். பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவ முன்னாடியே திட்டு வாங்கணும்னு என் தலையில எழுதியிருக்கு. சொல்லாம மாத்திரையை நிறுத்துறவன் பாலத்துல போயிட்டே கைப்பிடிச் சுவரை இடிக்கிறவன்னார். தலைவலி வந்தது காபியை நிறுத்தினதாலதானாம். அப்புறம் உங்க நீல டப்பாவைப் பத்தியும் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அதுலயும் துளி இருக்குமாம், சுத்தமா போகாதாம். ஆனா அந்தத் துளி என்னை ஒண்ணும் பண்ணாதாம். அதையே தினம் மூணு கப் குடி, நெஞ்சு எரிஞ்சா குறைச்சுக்கோன்னார்." கொஞ்சம் நிறுத்தினார். "அக்கா, ஒண்ணு கேக்குறேன். உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"என் கண்ணா? நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

அவர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை.

"முதல் நாளே தெரிஞ்சுது அக்கா. மூணரை கேட்டேன், மூணு வந்துச்சு. அதுவும் லேசா செவப்பு ஓடின மூணு. இருபத்தேழு வருஷமா கலர் பார்க்கிறவன்கிட்ட அதை மறைக்க முடியுமா? தினமும் அதே தப்பு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"உங்களுக்குக் கண்ணு மங்குதுன்னு நினைச்சேன்! புரை விழுந்திருக்கு, பாவம், நிறம் தெரியாம ஊத்துறாங்கன்னு. முதலாளி அம்மா காதுக்குப் போனா, வயசாச்சு வீட்ல இருங்கன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதான் பல்பை மாத்தினேன். அந்தப் பிளாஸ்டர் வாயை அடைச்சேன். தேவாமிர்தம்னு ஊரெல்லாம் சொன்னேன். உண்மையைச் சொல்லணும்னா அக்கா, ருசியும் கொஞ்சம் சப்புன்னுதான் இருந்துச்சு."

"மத்தவங்க கப்பு எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு? அதைப் பார்த்தாவது தெரிய வேணாமா?"

"அடுத்தவன் கப்பை நான் எதுக்குப் பார்க்கப் போறேன்!"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வாரம் அவள் அவர் நெஞ்சைக் காப்பாற்றப் பொய்யை ஊற்றியிருக்கிறாள். அதே ஆறு வாரம் அவர் அவள் வேலையைக் காப்பாற்றப் பொய்யைக் குடித்திருக்கிறார். இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அன்பு இருந்த இடத்தில் தைரியம் மட்டும்தான் குறைவாக இருந்திருக்கிறது. அவள் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கொண்டு வந்தாள். நல்ல வேளை, கொண்டு வந்தாள்.

"நேத்து எனக்குக் கோவம்தான்" என்றார் அவர், சிரிப்பு தணிந்து. "வீட்டுக்குப் போய் யோசிச்சேன். நீங்க கண்ணு தெரியாம ஊத்துறீங்கன்னு நினைச்சேனே, அதைப் பத்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? நானும் உங்களைக் குழந்தையாத்தான் வச்சிருந்தேன். கணக்கு சரியாப் போச்சு. ஆனா ஒண்ணு அக்கா. இனிமே எனக்குத் தெரியாம எதுவும் வேணாம்."

"சத்தியமா வேணாம் தம்பி."

"சரி, காபி போடுங்க. நீல மூடி."

அக்கா போட்டாள். இந்த முறை கைக் கணக்கை விட்டுவிட்டு, வெள்ளை விளக்கின் கீழே குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துப் பாலைக் குறைத்தாள். அவர் வாங்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். "கிட்ட வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் டிக்காஷன்."

அந்த வாரம் முழுக்க அவர் மதிய இடைவேளையில் எதையோ குழைத்துக்கொண்டிருந்தார். யார் எட்டிப் பார்த்தாலும் கையால் மறைத்தார். நாலு தடவை உலையில் வைத்தார், மூன்று தடவை திருப்தியில்லாமல் உடைத்தார். சனிக்கிழமை காலை ஜன்னலுக்கு வந்து, நீல மூடி டப்பாவின் கழுத்தில் ஒரு நூலைக் கட்டினார். நூலில் ஒரு பீங்கான் பல் தொங்கியது. வேரும் வளைவுமாக அச்சு அசல் பல். நிறம் மட்டும் பால் கலந்த டீகாஃப். உலகத்தில் எந்த வாயிலும் இருக்க முடியாத நிறம்.

"இதை வச்சு ஒத்துப் பார்த்து ஊத்துங்க. இதுக்கு எண் கிடையாது."

மெழுகு அதைத் தொட்டுப் பார்த்து, "இந்தப் பல்லுக்காரன் உசுரோட இருக்கானா?" என்றாள்.

"இருக்கேன்" என்றார் ஷேடு அண்ணன்.

பிளாஸ்டர் நெருக்கிக்கொண்டு வந்தான். "அக்கா, எனக்கும் சாயங்காலத்துக்கு நீலம் கொடுங்க. அஞ்சு மணிக்கு மேல காபி குடிச்சா எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. வெளியில சொன்னா மானம் போயிடும்னு இருந்தேன்."

"இங்க எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் குடிக்கணும், அதுதான் இனிமே சட்டம்" என்றாள் அக்கா. அவனுக்கும் ஒரு கோப்பையைத் தனியே எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. அடுப்பின் முன் கண்ணை மூடி நின்று தன் பழைய பிரார்த்தனையைச் சொன்னாள். குரல் நேராக வந்தது. கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் ஷேடு அண்ணன் நின்றிருந்தார். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயை 'ஆ' என்று திறந்து காட்டினார்.

"முழுங்கியாச்சு, பார்த்துக்கோங்க."

"போதும் மூடுங்க தம்பி, நாள் பூரா இங்க பல்லைத்தான் பார்க்கிறோம்" என்றாள் அக்கா. டப்பாவை இறக்கி, நூலில் ஆடிய பல்லைக் கோப்பையோரம் பிடித்துக்கொண்டு, பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றத் தொடங்கினாள்.